அறிஞரின் அறையில் ஒரு நாய்

சர் ஐசக் நியூட்டனின் நாய் டயமண்டைப் பற்றிய கதையை நீங்கள் பள்ளி நாட்களில் கேட்டிருப்பீர்கள். பல்லாண்டுகள் உழைத்து எழுதிய தாள்களை மேசைமீது வைத்துவிட்டு நியூட்டன் வெளியே சென்றிருந்தாராம். அறையில் இருந்த செல்ல நாய் துள்ளிக் குதித்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியைத் தட்டிவிட்டதாம். தாள்கள் அனைத்தும் சாம்பலாயின. திரும்பி வந்த நியூட்டனோ நாயை அடிக்கவில்லை. அதன் அறியாமைக்கு இரங்கி நான்கு சொல் சொன்னதோடு சரி. பொறுமைக்கு எடுத்துக்காட்டாக இக்கதையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை.

கதை நல்ல கதைதான். ஆனால் அது நடந்ததா?

1685 முதல் 1690 வரை ஐந்தாண்டுக் காலம், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் நியூட்டனுக்கு எழுத்தராகப் பணியாற்றியவர் ஹம்ஃப்ரி நியூட்டன் என்பவர். உலகப் புகழ்பெற்ற 'பிரின்சிப்பியா' 1687இல் அச்சேறுவதற்கு முன் அதனைப் படியெடுத்துக் கொடுத்தவர் இவரே. அறிஞர் மறைந்த மறு ஆண்டு, அதாவது 1728இல், இவர் தம் நினைவுகளைக் கடிதமாக எழுதினார். நியூட்டன் தம் அறையில் நாயும் வளர்க்கவில்லை, பூனையும் வளர்க்கவில்லை என்று அதில் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறார். அதனால் பயனடைந்தவள் படுக்கை விரிக்க வந்த கிழவியாம்! வேலை மும்முரத்தில் நியூட்டன் தொடாமலே விட்ட பகலுணவும் இரவுணவும் காலையில் அவளுக்குக் கிடைத்தன. நாயோ பூனையோ இருந்திருந்தால் அவை அவளை முந்திக்கொண்டிருக்கும் அன்றோ?

தீ விபத்து என்னவோ உண்மைதான். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பயின்ற ஆபிரகாம் டி லா பிரைம் என்ற மாணவர், தொழுகைக்குச் சென்ற வேளையில் எரியவிட்ட மெழுகுவத்தியால் நியூட்டனின் தாள்கள் எரிந்துபோன செய்தியை 1692ஆம் ஆண்டு தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பில் நாய் இல்லை. நாய் வந்து சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நியூட்டன் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின். மெழுகுவத்தி மட்டும் இருந்த நிகழ்ச்சி சுவைக்கவில்லை போலும். யாரோ ஒரு நாயைச் சேர்த்துவிட்டார்கள். ஹூக்குடனும் லைப்னிட்சுடனும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட நியூட்டனைப் பொறுமையின் திருவுருவாகக் காட்டுவது எனக்கு எப்போதுமே சிறிது வேடிக்கையாகப் படும்.

நாய் கையெழுத்துப் படியை நாசமாக்கிய உண்மை நிகழ்ச்சியே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் நாய்க்குட்டி டோபி, 1936ஆம் ஆண்டு ஓர் இரவில், அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலின் பாதியைக் கடித்துக் குதறிவிட்டது. இரண்டு மாத உழைப்பு! வேறு படியும் கிடையாது. ஸ்டைன்பெக் கோபம் கொண்டார். ஆயினும் பெரிதாகத் தண்டிக்கவில்லை. நாய் ஒருவேளை திறனாய்வாளராகச் செயல்பட்டிருக்கலாம் என்று நகைச்சுவையாக எழுதினார். மீண்டும் உட்கார்ந்து எழுதிய அந்நூல் 1937இல் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்ற பெயரில் வெளிவந்தது.

இனி, உண்மையாகவே ஓர் அறிஞரின் அறையில் வாழ்ந்து, அவருடைய நூல்களுக்குள்ளும் நுழைந்துவிட்ட நாய்க்கு வருவோம்.

டார்வினின் பாலி

இலண்டனுக்குத் தெற்கே கெண்ட் மாவட்டத்தில் டௌன் என்னும் சிற்றூர். 1842இல் சார்லஸ் டார்வின் அங்கே குடியேறி, 1882இல் மறையும்வரை நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வீட்டின் படிப்பறைதான் அவருடைய அலுவலகம். மேசைமுன் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. பெரிய சாய்வு நாற்காலியில் அமர்ந்து, அதன் இரு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதுவார். கணப்பருகே ஒரு கூடை. அக்கூடையில் சுருண்டு படுத்திருக்கும் பாலி, முரட்டு மயிர் கொண்ட வெள்ளை நிற ஃபாக்ஸ் டெரியர் வகை நாய்.

பாலி முதலில் டார்வினின் மகள் ஹென்ரியட்டாவுக்கு உரியது. 1871இல் அவர் மணமாகிச் சென்றபின் தந்தையிடம் ஒட்டிக்கொண்டது. இதனைப் பற்றி நமக்கு விவரமாகச் சொல்பவர் மகன் பிரான்சிஸ் டார்வின். தந்தை வெளியூர் புறப்படுகிறார் என்றால், படிப்பறையில் மூட்டை கட்டும் அடையாளங்களைக் கண்டே பாலி தெரிந்துகொண்டு சோர்ந்துவிடுமாம். அவர் திரும்பும் நாளில் அறையைத் துப்புரவு செய்வதைக் கண்டால் பரபரப்படையும். உணவு நேரம் நெருங்கும்போது டார்வின் அவ்வழியே வந்தால், பட்டினியால் வாடுவதுபோல் உடலை நடுங்கவைத்துக் காட்டும். மூக்கின்மேல் பிஸ்கட்டை வைத்து, நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்று டார்வின் பொய்யான கண்டிப்புடன் அறிவுரை சொல்ல, அது காத்திருந்து கவ்விப் பிடிக்கும்.

அதற்கு ஒரு வேலையும் இருந்தது. யாரும் கொடுத்த வேலையன்று, தானே ஏற்றுக்கொண்டது. வெளியே யாராவது நடமாடினால் தாழ்வாரத்துச் சன்னல் வழியே பாய்ந்து சென்று குரைத்துவிட்டு, மீண்டும் கதவருகே வந்து நிற்கும். உள்ளே விட வேண்டும், மறுபடி வெளியே விட வேண்டும். உடல்நலம் குன்றிய டார்வினுக்குக் காலையில் கிடைத்த உருப்படியான வேலைநேரம் ஏறத்தாழ மூன்று மணி. அந்த நேரத்தில் எழுந்து எழுந்து கதவைத் திறந்துவிட அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை என்று மகன் எழுதுகிறார். நண்பகலில் மழையானாலும் வெயிலானாலும் தோட்டத்தை ஒட்டிய மணற்பாதையில் உலா. பாலியும் உடன் செல்லும்.

இதெல்லாம் செல்லப் பிராணிக் கதைதானே, அறிவியல் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

டார்வின் 1871இல் 'மனிதனின் தோற்றம்' என்ற நூலையும், 1872இல் மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறை பற்றிய நூலையும் வெளியிட்டார். மனிதனின் உடல் மட்டுமன்றி உள்ளமும் விலங்குகளிலிருந்து படிப்படியாக வளர்ந்ததே என்பது அவர் நிறுவ விரும்பிய செய்தி. நினைவு, அன்பு, ஏமாற்றம், கற்பனை ஆகியவற்றின் முளைகளை விலங்குகளிடம் காட்டினால்தான் வாதம் நிற்கும். அதற்காக அவர் தொலைதூரம் செல்லவில்லை. காலடியில் படுத்திருந்ததையே உற்றுப் பார்த்தார்.

நினைவுக்கு ஒரு சோதனை. இளமையில் அவரிடம் முரட்டு நாய் ஒன்று இருந்தது. அந்நியர் எவரையும் அண்டவிடாது. 'பீகிள்' கப்பற் பயணம் முடிந்து 1836இல் வீடு திரும்பிய டார்வின், லாயத்தருகே சென்று பழைய முறையிலேயே குரல் கொடுத்தார். பிரிந்து ஐந்தாண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. நாய் மகிழ்ச்சியில் குதிக்கவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்தான் பிரிந்ததுபோல் எழுந்து பின்னால் நடந்தது!

இன்னொரு நாயின் பெயர் பாப். உலாவப் புறப்படுகிறோம் என்று துள்ளிக்கொண்டு முன்னே ஓடும். வழியில் டார்வின் தம் செடிகளைப் பார்ப்பதற்காகக் கண்ணாடிக் குடிலின் பக்கம் திரும்பினால், அந்தக் கணமே தலை தொங்கும், காதும் வாலும் சரியும், உடலே தளர்ந்துவிடும். வீட்டார் இதற்குக் 'கண்ணாடிக் குடில் முகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டார்வின் அதனை அப்படியே நூலில் சேர்த்தார்.

அந்நூலில் அவர் கூறும் விதிகளுள் ஒன்று எதிர்நிலை விதி. பகைமையுடன் நெருங்கும் நாய் விறைத்து நிமிர்ந்து, மயிர் சிலிர்த்து, வாலை உயர்த்தி நடக்கிறது. அதே நாய், வருபவர் தன் எசமானர் என்று அறிந்ததும் உடலைத் தாழ்த்தி நெளிக்கிறது, மயிர் படிகிறது, காதுகள் பின்னே மடிகின்றன, வால் தாழ்ந்து ஆடுகிறது. இந்த இரண்டாம் நிலையால் நாய்க்கு நேரடிப் பயன் ஏதுமில்லை. முதல் நிலைக்கு நேர் எதிரானது என்பதே அதன் பொருள் என்றார் டார்வின். இதனைச் சரிபார்க்க நீங்கள் இங்கிலாந்து செல்ல வேண்டியதில்லை. இலத்தூரில் ஏதேனும் ஒரு தெருமுனையில் மாலையில் கால்மணி நேரம் நின்றால் இரண்டு நிலைகளையும் ஒரே நாயிடம் பார்த்துவிடலாம்.

பாலியும் இந்த நூலில் இடம்பெற்றது. அதன் குட்டிகளை அகற்றிக் கொன்றுவிட்டனர். அக்காலத்தில் அது வழக்கம். அதன்பின், தாய்மை உணர்வைச் செலுத்த இடமின்றி, அது டார்வினின் கைகளை ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்ததாம். இந்நிகழ்ச்சியை அவர் பதிவு செய்திருக்கிறார். படிக்கும் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

எல்லாச் சான்றும் சரியாக அமைந்துவிடவில்லை. பாலியின் முதுகில் ஒரு தீக்காயம் இருந்தது. அவ்விடத்தில் வெள்ளைக்குப் பதிலாகச் செந்நிற மயிர் முளைத்தது. அதன் தந்தை செந்நிற நாய். உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நுண்துகள்கள் புறப்பட்டு மரபைக் கடத்துகின்றன என்று 1868இல் தாம் வெளியிட்ட 'பான்ஜெனிசிஸ்' கொள்கைக்கு இது சான்று என டார்வின் பாலியைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டுவார். ஆனால் அக்கொள்கை நிலைக்கவில்லை. உறவினர் கால்டன் முயல்களுக்கு இரத்தம் மாற்றிச் செய்த சோதனைகள் 1871இலேயே அதற்கு எதிராக அமைந்தன. பண்புகள் மறைந்திருந்து பின் வெளிப்படும் முறையை மெண்டல் 1866இலேயே பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கி வெளியிட்டிருந்தார். உலகம் அதனைக் கண்டுகொண்டது 1900இல்தான்.

கூடையும் ஆய்வு மேசையும்

படிப்பறையில் ஒரு நாய் செல்லமாக வளரும் அதே காலத்தில், ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் பிற நாய்கள் உயிரோடு அறுக்கப்பட்டன. உடலியங்கியல் என்னும் துறை வளர்ந்ததே அப்படித்தான். டார்வின் இதனை அறியாதவர் அல்லர். அறுவைக்கு உள்ளான நாய் ஒன்று, அறுப்பவரின் கையையே நக்கிய செய்தியை 'மனிதனின் தோற்றம்' நூலில் எழுதி, அறுத்தவர் கல்நெஞ்சராக இல்லாவிடில் தம் இறுதி நேரம்வரை அதற்காக வருந்தியிருப்பார் என்ற கருத்தையும் சேர்த்தார். பின்னர் 1874ஆம் ஆண்டுப் பதிப்பில், அறிவு வளர்ச்சியால் அச்செயல் முழுமையாக நியாயப்படுத்தப்பட்டால் அன்றி, என்ற ஒரு விலக்கையும் நுழைத்தார். 1875இல் அரசு ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தபோதும், வெறும் ஆர்வத்துக்காக விலங்கை வதைப்பது வெறுக்கத்தக்கது, ஆனால் உடலியங்கியல் ஆய்வையே தடைசெய்வது தவறு என்ற நிலையையே எடுத்தார். மறு ஆண்டில் விலங்கு ஆய்வை ஒழுங்குபடுத்தும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. அந்த ஒரு விலக்கை எழுதிச் சேர்த்தபோது பாலி கூடையில்தான் படுத்திருந்திருக்கும். இன்றுவரை தீராத இவ்வழக்கின் இரு பக்கங்களும் அந்த ஓர் அறைக்குள்ளேயே இருந்தன என்பது என் கருத்து.

டார்வின் 1882 ஏப்ரல் 19இல் காலமானார். சில நாட்களில் பாலியும் இறந்தது. சரியாகச் சொன்னால், கொல்லப்பட வேண்டியதாயிற்று என்று பிரான்சிஸ் எழுதுகிறார்.

வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டின் அறையில் இருந்த ஜோஃபி என்ற சௌ வகை நாயைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1930 முதல் 1937 வரை, நோயாளிகள் மனம் திறந்து பேசும் நேரத்தில் அது அறையிலேயே படுத்திருந்தது. நேரம் முடிந்ததும் கொட்டாவி விட்டு எழும். கடிகாரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்று ஃபிராய்டின் மகன் மார்ட்டின் எழுதியிருக்கிறார். நாட்சிகளிடமிருந்து தப்பி 1938இல் ஃபிராய்டு இலண்டன் சென்றபோது, லூன் என்ற அவருடைய மற்றொரு நாயைப் பிரிட்டிஷ் சட்டப்படி ஆறு மாதம் தனிமைக் காவலில் வைத்தனர். வெறிநாய்க்கடி நோய் நாட்டுக்குள் நுழையாதிருக்கவே அச்சட்டம். தாடைப் புற்றுநோயால் வாடிய முதியவர் அங்கேயே சென்று நாயைப் பார்த்து வந்தார். 1939இல், அவருடைய இறுதி நாட்களில், புண்ணின் நாற்றம் தாங்காமல் அதே நாய் அவரை அணுக மறுத்து ஒதுங்கியது. மனிதனின் மூக்கைவிடப் பன்மடங்கு கூர்மையான மூக்கு கொண்ட விலங்குக்கு வேறு வழி இல்லை.

தேராதூன் சிறையில்

நம் நாட்டில், எழுதுபவரின் அறைவாயிலில் ஒரு நாய் வந்து நின்ற நிகழ்ச்சி, சிறைச்சாலையில் நடந்தது. ஜவஹர்லால் நேரு 1932, 1933ஆம் ஆண்டுகளில் பதினான்கரை மாதங்கள் தேராதூன் சிறையில் இருந்தார். மகள் இந்திராவுக்குக் கடிதங்களாக எழுதிய உலக வரலாற்றின் பெரும்பகுதி அங்கேதான் உருவாயிற்று. அவர் 1936இல் வெளியிட்ட சுயசரிதையில், சிறையில் தமக்குத் துணையாயிருந்த உயிரினங்களுக்கென்று ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார்.

சிறை அலுவலர் ஒருவர் மாற்றலாகிச் சென்றபோது தம் பெண் நாயைக் கைவிட்டுப் போய்விட்டார். அது பாலத்தடியில் ஒதுங்கி, காவலர்கள் எறியும் மிச்சத்தைத் தின்று திரிந்தது. நேரு அதற்கு நாள்தோறும் உணவு தந்தார். அது குட்டிகள் ஈன்றது. பலவற்றைப் பிறர் எடுத்துச் சென்றதுபோக மூன்று எஞ்சின. அவற்றுள் ஒன்றை 'டிஸ்டெம்பர்' என்னும் கொடிய நோய் பற்றியது. சில இரவுகளில் பத்துப் பன்னிரண்டு முறைகூட எழுந்து அதற்குப் பணிவிடை செய்ததாக நேரு எழுதுகிறார். குட்டி பிழைத்துக்கொண்டது.

இந்த நோயைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி. நம் அம்மை வகைகளுள் ஒன்றான மணல்வாரி நோயின் வைரசுக்கு நெருங்கிய உறவு கொண்டது டிஸ்டெம்பர் வைரசு. காய்ச்சல், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, இறுதியில் வலிப்பு. இங்கிலாந்தில் 1920களில் நாய் வளர்ப்போர் பணம் திரட்டி, இதற்குத் தடுப்பூசி காணும் பொறுப்பை லெய்ட்லா, டங்கின் என்ற இரு ஆய்வாளரிடம் விட்டனர். கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் சிறு விலங்கை இந்நோய் எளிதில் தொற்றுவதால், அவ்விலங்கை வைத்தே ஆய்வு நடந்தது, தடுப்பூசியும் உருவாயிற்று. அந்த ஃபெரட்டுகளே பின்னர் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டன. மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுயன்சா காய்ச்சலின் வைரசை ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் ஃபெரட்டுகளில் செலுத்திப் பிரித்தறிந்தனர். ஆண்டு 1933. தேராதூனில் நேரு சிறையிருந்த அதே ஆண்டு!

நேரு செய்ததைப் பதினாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யாரோ செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பான் நகருக்கருகே ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914இல் கல் உடைப்போர் ஒரு புதைகுழியைக் கண்டனர். ஓர் ஆண், ஒரு பெண், உடன் ஒரு நாய். அதன் பற்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, ஏறத்தாழ ஏழு மாதமே வாழ்ந்த அக்குட்டி, அதற்கு முன் சில வாரங்கள் டிஸ்டெம்பர் நோயால் கடுமையாக வாடியது எனக் காட்டுகிறது. பல்லின் மேற்பூச்சு உருவாகும்போது நோய் தாக்கினால் அங்கே குறைக் கோடு விழுந்துவிடும், அதுவே சான்று. மனிதர் நீரும் சூடும் கொடுத்துப் பேணாவிடில் அது அத்தனை வாரம் தாக்குப்பிடித்திருக்காது. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கோ காவலுக்கோ பயன் ஏதுமில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாய் அருகில் இருப்பதில் மனிதனுக்கு என்ன கிடைக்கிறது? 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். வளர்ப்பவரையும் நாயையும் அரைமணி நேரம் ஓர் அறையில் விட்டு, முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பை அளந்தனர். தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை வளர்க்கும் சுரப்பு இது. நெடுநேரம் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கிய இணைகளில் இருவருக்குமே அது உயர்ந்திருந்தது. மனிதரே வளர்த்த ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை.

நம் பக்கத்தில் நாய் படிப்பறைக்குள் வருவதில்லை, திண்ணையோடு சரி. தென்காசியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் வரும் இராசபாளையம், தன் பெயரிலேயே ஒரு நாயினத்தைக் கொண்டது. இந்திய அஞ்சல் துறை 2005இல் அதற்குத் தபால்தலை வெளியிட்டது. சிப்பிப்பாறையும் கோம்பையும் அவ்வாறே ஊர்ப்பெயரால் வழங்குபவை. இவையெல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. பால்வெள்ளை இராசபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்களே உட்செவியின் இயக்கத்துக்கும் தேவை. அவை இல்லாதபோது மயிரும் வெளுக்கிறது, செவியும் கெடுகிறது. நீலக்கண் பூனைகள் செவிடு என்ற செய்தியை டார்வின் 1859இலேயே தம் நூலில் குறித்திருந்தார்.

அறிஞரின் விலங்கு ஆய்வுக் கட்டுரைக்கே ஆசிரியராகிவிட்டதும் உண்டு. 1975இல் அமெரிக்க இயற்பியலர் ஹெதரிங்டன், ஹீலியம்-3 திண்மத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தனி ஒருவராக எழுதியும் 'நாங்கள்' என்றே எழுதியிருந்தார். ஒரே ஆசிரியர் என்றால் இதழ் இதனை ஏற்காது என்று நண்பர் எச்சரித்தார். தட்டச்சுக் காலம், மொத்தத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். அவர் தம் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்டு என்ற பெயரில் இணையாசிரியராக்கி அனுப்பிவிட்டார்! கட்டுரையும் வெளிவந்தது.

நாய்க்கு அப்பேறு 1978இல் கிட்டியது. நோய்த்தடுப்பியல் ஆய்வாளர் பாலி மாட்சிங்கர், தாமும் காலட்ரியல் மிர்க்வுட் என்பவரும் இணைந்து எழுதியதாக ஒரு கட்டுரையை வெளியிட்டார். மிர்க்வுட் என்பது அவருடைய ஆஃப்கன் வேட்டை நாய். உங்கள் செய்முறைப் பதிவேட்டில் 'அளக்கப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்று எழுதி எழுதிச் சலித்திருப்பீர்கள். அவருக்கும் அந்நடை பிடிக்கவில்லை. 'நான்' என்று எழுதவும் துணிவு வரவில்லை. 'நாங்கள்' என்று எழுதத் துணை ஒன்று வேண்டியிருந்தது. உண்மை வெளிப்பட்டதும் இதழாசிரியர் கடுஞ்சினம் கொண்டார். ஆயினும் கட்டுரையில் இருந்த ஆய்வு உண்மையான ஆய்வே. எலிகளின் வெள்ளணுக்கள் எதனைத் தனது என்றும் எதனை அயல் என்றும் கொள்கின்றன என்பதே அதன் பொருள்.